நன்றி சொல்லப் போகும் வண்டியில் வழக்கை ஏற்றாதீர்கள்

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டு, ஐந்து பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அண்ணனுக்கு வயது 34. மருந்து நிறுவனப் பிரதிநிதி. ஏழு மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த டாரஸ் லாரி மோதியது. தினமும் அந்த நேரத்துக்கு மகனுக்கு போன் செய்கிற அம்மா அன்றும் செய்திருக்கிறார். எடுத்தது யாரோ ஒரு பையன். “அம்மா, வண்டி லேசா சாஞ்சிருச்சு. நான் கூடத்தான் இருக்கேன். வீட்ல வேற யார்கிட்டயாச்சும் போனைக் குடுங்க” என்று சொன்னானாம். ரோட்டோர டீக்கடை அம்மா, கொடியில் காய்ந்த தன் சேலையை உருவி மடித்துக் காயத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார். அந்த வழியாக வந்த இன்னொரு லாரிக்காரர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் வருகிற வண்டிகள் ஏறிவிடாமல் காத்திருக்கிறார். 108 வந்ததும் அந்தப் பையனும் கூடவே ஏறி மருத்துவமனைக்குப் போயிருக்கிறான். அண்ணன் பிழைக்கவில்லை. குடும்பம் போய்ச் சேரும்வரை பையன் பிணவறை வாசலிலேயே நின்று, போனையும் கைக்கடிகாரத்தையும் கையில் கொடுத்திருக்கிறான். பையிலிருந்த 18,000 ரூபாயை 108 ஊழியர் மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்தில் எண்ணி ஒப்படைத்திருக்கிறார். கையெழுத்தெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பையனைக் காணவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போது அம்மா, “அந்தப் புள்ளைகளைப் பார்த்துக் கும்பிட்டுட்டு வரணும், இல்லேன்னா என் கட்டை வேகாது” என்கிறார். வேன் பிடித்துப் போவதாக முடிவாகியிருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் ஆளுக்கொரு பேச்சு. போலீஸ் ஸ்டேஷனில் பையனின் விவரம் தர மறுக்கிறார்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கலாமா? இழப்பீட்டு வழக்குக்கு நேரில் பார்த்த சாட்சி வேண்டும் என்கிறார் வக்கீல், போகும்போதே பையனிடம் பேசி வைக்கலாமா? அம்மா ஒரு பவுன் மோதிரம் செய்து வைத்திருக்கிறார், கொடுக்கலாமா? அடிபட்டவரின் ஹெல்மெட்டை உதவ வந்தவர்கள் கழற்றியது தப்பு என்று ஏதோ வீடியோவில் பார்த்த சகோதரியின் கணவர், அதைப் பற்றி அவர்களிடம் கேட்க வேண்டும் என்கிறார். தலைத்திவசம் முடியாமல் எந்த வாசலையும் மிதிக்கக் கூடாது என்கிறார் சித்தப்பா. “அவங்க என்ன ஆளுங்கன்னு விசாரிச்சியா?” என்றும் அவர் கேட்டாராம்.

சகோதரி, உங்கள் அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. போய் வாருங்கள். ஒரு வக்கீலாக, மோட்டார் விபத்து வழக்குகளில் இழப்பீட்டுத் தொகை வந்த பிறகும் ஆறாமல் இருக்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசி நேரத்தில் பிள்ளை தனியாகக் கிடந்தானா என்ற கேள்விதான் அவர்களை அரிக்கிறது. உங்கள் அண்ணன் தனியாக இல்லை. அதை உடன் இருந்தவர்கள் வாயால் கேட்க உங்கள் அம்மாவுக்கு எல்லா நியாயமும் உண்டு.

ஆனால் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நன்றி சொல்லப் புறப்பட்ட அந்த வேனில் அம்மாவோடு சேர்த்து இன்னும் மூன்று வேலைகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. சாட்சி பிடிப்பது, தங்கம் கொடுத்துக் கடன் தீர்ப்பது, ஹெல்மெட்டைப் பற்றி விசாரிப்பது. இந்த மூன்றையும் இறக்கிவிட்டுப் போகச் சொல்வதுதான் என் ஆலோசனை. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பையனைத் தேடுவது

ஸ்டேஷனில் விவரம் தராதது அலட்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் அவர்கள் சட்டப்படிதான் நடந்திருக்கிறார்கள். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கப் போனால் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற பயத்தில் ஜனங்கள் ஒதுங்கிப் போன காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றுவதற்காகத்தான் 2016 மார்ச்சில், சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற சாலைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில், உதவுகிறவர்களைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. பிறகு 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 2020இல் விதிகளும் வந்தன. உதவியவரின் பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் சொல்லும்படி போலீசாரோ வேறு எந்த நபரோ கட்டாயப்படுத்தக் கூடாது என்பது விதி. அந்த ‘வேறு எந்த நபர்’ என்பதில் நீங்களும் நானும் அடக்கம். அவராக விரும்பிச் சொன்னால் சொல்லலாம்.

தகவல் உரிமை மனு இதற்கு வழியில்லை. தனிநபர் விவரம் என்ற காரணத்தில் மறுத்துவிடுவார்கள். அது கிடக்கட்டும், மனுப் போட்டு ஒருவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போய் நின்றால், அந்தப் பையனுக்கு அது நன்றியாகத் தெரியுமா, சம்மன் வந்த மாதிரி இருக்குமா?

சுலபமான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. டீக்கடை இருக்கும் இடம் தெரியும். ஒரு நாள் உங்கள் கணவரோ நீங்களோ மட்டும் போய் டீ குடியுங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அந்த அம்மாவிடம் யார் என்று சொல்லுங்கள். பையன் அந்தப் பக்கத்துக்காரன் என்றால் அவருக்குத் தெரியாமல் இருக்காது. நம்பரை வாங்காதீர்கள். உங்கள் நம்பரைக் கொடுத்து, “அம்மா பார்க்க ஆசைப்படுறாங்க, விருப்பம் இருந்தா மட்டும் கூப்பிடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தால் ‘அழைத்து வந்தவர்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதும் தெரியும். பெரும்பாலும் 108 ஊழியர் பெயர்தான் இருக்கும். அதுவும் உங்களுக்கு வேண்டிய பெயர்தானே? எண்ணி ஒப்படைத்தவர் அவர். மாவட்ட 108 அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி அவரைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அம்மா கையெழுத்திலேயே எழுதட்டும்.

ஃபேஸ்புக்கில் படம் போட்டுத் தேடலாம் என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். விபத்துப் படம் பரவும், அந்தப் பையன் முகமும் பரவும். லாரியை நிறுத்தியவர் யார் என்று கடைசிவரை தெரியாமலே போகலாம். டீக்கடையில் சொல்லி வையுங்கள். அந்த ரூட்டில் ஓடுகிறவர் என்றால் என்றாவது செய்தி போய்ச் சேரும். போகாவிட்டாலும் உங்கள் மேல் குற்றமில்லை.

சாட்சியும் மோதிரமும்

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதில்தான் நல்ல மனதோடு செய்கிற காரியம் வழக்கில் திரும்பி வந்து அடிக்கும்.

உங்கள் வக்கீல் சாட்சி தேடுவது தவறில்லை. எஃப்.ஐ.ஆர். கொடுத்தவர் உங்கள் கணவர், அவர் விபத்தைப் பார்த்தவரில்லை. ‘பைக்காரர் திடீரென்று பிரேக் போட்டார், அவர் மேலும் தப்பு இருக்கிறது’ என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடினால், நேரில் பார்த்தவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் சாட்சி கிடைக்காவிட்டால் கேஸே போய்விடும் என்று நீங்கள் பயப்படுவது தேவையில்லாதது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், கொலை வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு எது அதிகம் என்பதுதான் அளவுகோல். 2009இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் பார்வை மகஜர், அந்த இடத்தை வரைந்து காட்டும் ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பைக்கின் பின்பக்கம் நசுங்கியிருக்கும் புகைப்படங்கள், போலீசார் தாக்கல் செய்யப்போகும் குற்றப்பத்திரிகை இவையெல்லாம் உங்கள் பக்கம் பேசும். பின்னால் வந்து மோதிய வண்டி என்பதே உங்களுக்குச் சாதகம்.

இப்போது மோதிரத்துக்கு வருகிறேன். நன்றிக்காக ஒருவருக்குப் பரிசு கொடுப்பது குற்றமில்லை. ஆனால் லாரி டிரைவர் மேல், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் வழக்கு நிலுவையில் இருக்கிறது, குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை. போலீசார் யாரைச் சாட்சியாகக் காட்டுவார்கள் என்பது இன்று உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு அந்தப் பையன் தானாக முன்வந்து கூண்டில் ஏறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே இப்படித்தான் இருக்கும்: “இறந்தவர் குடும்பத்தார் உங்கள் வீட்டுக்கு வந்தார்களா? தங்க மோதிரம் கொடுத்தார்களா?” பையன் உண்மை பேசுகிறவன், ஆமாம் என்பான். அவன் கண்ணால் கண்டதை அத்தனை பேர் முன்னால் விலைக்கு வாங்கிய சொல்லாக்கிக் காட்டுவார்கள். வழக்கு பலவீனமாவது ஒரு பக்கம். காசு வாங்காமல் மூன்றரை மணி நேரம் பிணவறை வாசலில் நின்றவனை கூலிக்குச் சாட்சி சொன்னவன் என்று பேச நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே மோதிரம் பீரோவிலேயே இருக்கட்டும். இரண்டு வழக்கும் முடிந்த பிறகு, அவனுக்குக் கல்யாணம் என்றால் அம்மாவே போய்ப் போடட்டும். டீக்கடை அம்மாவுக்குச் சேலை எடுத்துப் போவதில் எந்தத் தடையும் இல்லை. தன் சேலையைக் கொடுத்தவருக்கு ஒரு சேலை, அவ்வளவுதான். விலை கூடிய பட்டு வேண்டாம். கடையில் நின்று வேலை செய்கிறவர் தினமும் கட்டக்கூடியதாக எடுங்கள்.

சாட்சி விஷயம் வேறு ஒரு நாளில், வேறு ஆள் மூலம் நடக்கட்டும். உங்கள் வக்கீல் அந்தப் பையனைச் சந்தித்து விருப்பமா என்று கேட்கலாம். ஒப்புக்கொண்டால் அவனுக்குச் சில பாதுகாப்புகள் உண்டு, அதையும் அவர் எடுத்துச் சொல்ல வேண்டும். அவன் வசதிக்கேற்ற நேரத்தில், வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோதான் விசாரிக்கலாம். விசாரிக்கப் போகும் அதிகாரி சாதாரண உடையில் போக வேண்டும். திரும்பத் திரும்ப அலைக்கழிக்காமல் ஒரே தடவையில் முடிக்க வேண்டும். எல்லாம் 2020 விதிகளில் இருப்பவை. மாட்டேன் என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள். தீர்ப்பாயம் மூலம் சம்மன் அனுப்பலாமே என்று யாராவது யோசனை சொன்னால், நான் சொன்னதாகச் சொல்லி மறுத்துவிடுங்கள். விரும்பாத சாட்சியை இழுத்து வந்து ஜெயித்த கேஸ் குறைவு.

ஒரு வேளை அவர்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அம்மாவுக்கு ஆறவில்லை என்றால், அதற்கும் ஒரு நேர்வழி இருக்கிறது. விபத்தில் சிக்கியவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பவர்களுக்கு மத்திய அரசு 2021இல் 5,000 ரூபாய் பரிசு அறிவித்தது. 2025இல் அது 25,000 ஆக உயர்ந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பார்த்து முடிவு செய்யும். உங்கள் அண்ணன் விஷயம் திட்டத்துக்குள் வருமா என்பதை அந்தக் குழுதான் சொல்ல வேண்டும். பையன் சம்மதித்தால், நடந்ததை எழுதி ஆட்சியருக்கு நீங்கள் ஒரு கடிதம் கொடுக்கலாம். அரசு தரும் பரிசை, நீங்கள் கொடுத்த கூலி என்று காட்டுவது எந்த வக்கீலுக்கும் கடினம்.

ஹெல்மெட்

உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபமில்லை. மைத்துனனை இழந்தவர், யாரிடமாவது காரணம் கேட்கத்தான் தேடுவார். ஆனாலும் இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியை அந்த ஊரில் கேட்டால், உங்கள் அம்மா கும்பிட்ட கும்பிடுக்கு அர்த்தமில்லாமல் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், பலன் எதிர்பாராமல் நல்லெண்ணத்தோடு உதவியவர், உதவும்போது ஏதாவது தவறிப் போயிருந்தாலும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருந்தாலும்கூட, அதற்காக அவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. ரோட்டில் ரத்தத்துக்கு நடுவே மண்டியிட்டு உட்கார்ந்தவனிடம் மருத்துவர் அளவு நிதானத்தை எதிர்பார்க்க முடியாது என்று நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்ட விஷயம் அது.

நீங்கள் அனுப்பிய பிரேதப் பரிசோதனைச் சான்றின் நகலையும் பார்த்தேன். மார்பிலும் வயிற்றிலும் ஏற்பட்ட உள்காயங்களால் வந்த ரத்தக்கசிவும் அதிர்ச்சியும் மரணக் காரணம் என்று இருக்கிறது. கழுத்தெலும்பு பற்றிய பத்தியில் காயம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. அந்தச் சான்றை எடுத்துக்கொண்டு உங்கள் கணவரும் நீங்களும் உங்களுக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் போய் வரிவரியாக விளக்கம் கேளுங்கள். பொதுவாக ஹெல்மெட்டைத் தேவையில்லாமல் கழற்றக் கூடாது என்பது சரிதான். ஆனால் மூச்சு விடத் திணறுகிறவருக்குக் கழற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. உங்கள் வீட்டில் எல்லோர் மனதிலும் ‘காப்பாற்றியிருக்கலாமோ’ என்ற கேள்வி இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் மூன்றாம் பக்கம் முழுக்க அதுதான் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் டாக்டர். டீக்கடைக்குப் போவதற்கு முன்னால் அவரிடம் போய்விடுங்கள்.

அந்தப் பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கலாம் என்கிறீர்கள். அவன் கையில் ஒரு உயிர் போயிருக்கிறது. ஏழு மாதமாக அவனுக்கும் தூக்கம் கெட்டிருக்கலாம், ‘நான் எதையாவது தப்பா செஞ்சுட்டனோ’ என்று அவனே குமைந்துகொண்டிருக்கலாம். அம்மா அவன் தலையைத் தடவி, “நீ செஞ்சதுல ஒரு குறையும் இல்லப்பா” என்று சொன்னால், அது அவனுக்கு மோதிரத்தை விடப் பெரிது. அண்ணன் கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று அம்மா கேட்க நினைக்கிறார். கேட்கட்டும், ஆனால் ஒரு தடவைதான். ஒன்றும் சொல்லவில்லை என்று அவன் சொன்னால் தோண்டக் கூடாது. ஆறுதலுக்காக அவன் ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லும்படி நெருக்கிவிடாதீர்கள்.

சித்தப்பா சொன்னவை

தலைத்திவசம் முடியும்வரை போகக் கூடாது என்பது சட்டப் பிரச்சினையில்லை, உங்கள் குடும்ப வழக்கம். அதில் நான் தலையிடப் போவதில்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள். நமக்கு இருக்கிற தயக்கம் எதிர்வீட்டாருக்கும் இருக்கலாம். துக்க வீட்டுக்காரர்கள் வாசலேறி வருவதை அந்தப் பையனின் தாயார் விரும்பாமல் போகலாம், விரும்பாததை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். அதனால் வீட்டுக்குப் போகாமல் டீக்கடையிலோ, அவர்கள் சொல்லும் பொது இடத்திலோ பாருங்கள். வருஷம் முடிந்து போவது என்றாலும் தாராளமாகக் காத்திருக்கலாம். ஐந்து மாதத்தில் நன்றி ஆறிவிடாது. இடையில் குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டால், யார் சாட்சி என்பதும் தெளிவாகும். வக்கீலாக எனக்கு அதுவே நல்ல யோசனையாகப் படுகிறது. ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரால் காத்திருக்க முடியாது என்றால் வழக்கத்தை விட அம்மா முக்கியம்.

“என்ன ஆளுங்க” என்ற கேள்விக்கு உங்கள் சித்தப்பாவிடம் நான் சொன்னதாக ஒரு செய்தி சொல்லுங்கள். முன்னால் சொன்ன 2020 விதிகளின் தொடக்கத்திலேயே, உதவியவரை மதம், தேசம், சாதி, பாலினம் பார்க்காமல் மரியாதையோடு நடத்த வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. உங்கள் அண்ணன் அங்கே கிடந்தபோது அவர்களில் யாரும் அவர் என்ன ஆள் என்று விசாரிக்கவில்லை. போகிற இடத்தில் டீ கொடுத்தால் எல்லோரும் குடிக்க வேண்டும். முடியாதவர் வேனில் ஏற வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசத் தயாரில்லை.

யார் யார் போவது

இருபது பேர் வேனில் போய் இறங்கினால் அந்த இடமே கூட்டமாகிவிடும். நாலைந்து பேர் போதும். விபத்து நடந்த இடத்தில் விளக்கேற்ற அம்மா ஆசைப்பட்டால், சாலையைக் கடக்காமல் கடை பக்கமே நின்று செய்யுங்கள். அது அதிவேக நெடுஞ்சாலை, விடியலிலும் இருட்டிலும் வேண்டவே வேண்டாம், காலை வெயில் ஏறிய பிறகு போங்கள். வீடியோ எடுக்காதீர்கள். அவர்களே விரும்பி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது வேறு.

கடைசியாக ஒன்று. ஐந்து பக்கக் கடிதத்தில் அம்மா, கணவர், தம்பி, சித்தப்பா எல்லோருடைய பேச்சும் இருக்கிறது. அண்ணி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. நாலு வயதுக் குழந்தையோடு இருக்கும் அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். தேதி குறிப்பதற்கு முன் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். வருகிறேன் என்றால், ‘புருஷன் போன இடத்துக்கு அவளைக் கூட்டிப் போகலாமா’ என்று யார் சொன்னாலும் கூட்டிப் போங்கள். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். டீக்கடை இருக்கும் இடத்தையும் அந்த அம்மாவின் பெயரையும் மட்டும் எழுதி அவரிடம் கொடுத்து வையுங்கள். என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்கு அவர் போய்க்கொள்ளட்டும்.